கொழும்பு ஹோட்டல் பஃபே: கொடுக்கும் காசுக்குச் சரியாகச் சாப்பிடுவது எப்படி?

கேள்வி இது: டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் குடும்பம். கணவன், மனைவி, சைவம் மட்டும் சாப்பிடும் அம்மா, 11 வயது மகள், 5 வயது மகன். மூன்று இரவு தங்குகிறார்கள். ஒரு நேரமாவது பெரிய ஹோட்டலில் பஃபே சாப்பிட ஆசை. எந்த நேரத்தைத் தெரிவது, எப்படிச் சாப்பிட்டால் காசு வீண்போகாது?

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிவிடுகிறேன். வளர்ந்த ஒருவரின் வயிறு ஏறத்தாழ ஒரு லீற்றர் வரை சிரமமில்லாமல் கொள்ளும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். தண்ணீரும் சோடாவும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். ஆகவே மேசையில் 80 வகை இருந்தாலும் உங்களுக்குள் போகப்போவது ஒரு கிலோ சாப்பாடு. ஹோட்டல்காரர் விலை போடும்போதே இதை அறிந்துதான் போடுகிறார். பிரைட் ரைஸ், நூடில்ஸ், பாண், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரு தட்டுக்கு மிகக் குறைந்த செலவில் முடிபவை. அவற்றால் வயிறு நிரம்பினால் ஹோட்டலுக்கு லாபம். எனவே எவ்வளவு சாப்பிட்டோம் என்று பார்ப்பதில் பயனில்லை. அந்த ஒரு லீற்றரை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். வீட்டில் செய்ய முடியாதது, உங்கள் ஊரில் கிடைக்காதது, அந்த நிமிடத்தில் கண்முன் சமைப்பது: இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தாத எதையும் தட்டில் போடவேண்டாம்.

இதை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்த்தால் பலர் நினைப்பதற்கு மாறான பதில் வரும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கொழும்பில் கடலுணவு இரவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. காலையில் சந்தையில் வாங்கி மதியம் வைக்கும் நண்டுக்கறியையும் கணவாய்ப் பிரட்டலையும் எந்த ஹோட்டல் தட்டமும் வெல்லாது. பஃபேக்களில் பெரும்பாலும் வருவது சிறிய கடல் நண்டுதான். பெரிய களப்பு நண்டு விலை கூடியது, அதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. ஒரு நண்டை உடைத்துச் சாப்பிட கால் மணித்தியாலம் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் இட்லி, தோசை, வடைக்கு வெள்ளவத்தையில் இறங்கினால் போதும். ஹோட்டலில் நீங்கள் தேடவேண்டியது வேறு: அவணில் வாட்டிய ஆட்டுத் தொடை, சீஸ் வகைகள், புகையூட்டிய மீன், யப்பானிய, சீன அடுப்புகளில் அப்போதே செய்துதருவது, வாழையிலையில் வெதுப்பிய லம்பிரைஸ், நல்ல வெதுப்பகத்தின் இனிப்புகள்.

இனி விலை. விளம்பரத்தில் தொகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. 10 சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் வற் வரியும் சேரும். வற் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். உதாரணத்துக்கு ஒருவருக்கு 10,000 ரூபா என்று எடுப்போம். சேவைக் கட்டணத்தோடு 11,000, வற் சேர 12,980. மற்றச் சிறு அறவீடுகளும் வந்தால் 13,000 தாண்டும். உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், பாதி விலையில் மகள், இலவசமாக மகன் என்றால் மூன்றரைப் பேர்: 35,000 என்று நினைத்து வந்த பில் 45,430க்கு மேல் போகும். தொலைபேசியில் பதியும்போது “நெட்டாக எவ்வளவு?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். எல்லா வரியும் சேர்ந்த தொகையைச் சொல்வார்கள்.

சிறுவர் விலைக்கும் இடத்துக்கு இடம் எல்லை மாறும். 6 வயதுக்குக் கீழ் இலவசம், 6 முதல் 12 வரை பாதி என்பது பரவலான வழக்கம். ஆனால் சில இடங்களில் 11 வயதோடு பாதி முடிந்துவிடும், சில இடங்களில் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளைதான் இலவசம். உங்கள் மகள் சரியாக எல்லையில் நிற்கிறார், ஆகவே வயதைச் சொல்லியே கேளுங்கள்.

வங்கி அட்டைக் கழிவுதான் கொழும்பில் பஃபே விலையைக் குறைக்கும் பெரிய வழி. இலங்கை வங்கிகள் பலவும் ஹோட்டல் உணவகங்களோடு சேர்ந்து மாதாமாதம் 20, 25 சதவீதம், சில வேளை அதற்கும் கூடக் கழிவு தருகின்றன. வங்கியின் இணையத்தளத்தில் உணவுப் பகுதியில் தேடினால் கிடைக்கும். அங்கே சிறிய எழுத்தில் இருப்பதை வாசிக்கவேண்டும்: கிரெடிட் அட்டைக்கா, டெபிட் அட்டைக்குமா, வார நாட்களில் மட்டுமா, எத்தனை பேர் வரை, முன்பதிவு கட்டாயமா, பானங்களுக்குப் பொருந்துமா. பெரும்பாலானவை உணவுக்கு மட்டும். பதியும்போதே அட்டையின் பெயரைச் சொல்லி, கழிவு அன்றைக்குச் செல்லுமா என்று உறுதிப்படுத்துங்கள். வாசலில் போய்க் கேட்பது பிந்திய வேலை.

டிசம்பர் என்பதால் திகதியைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். 24 இரவு, 25 மதியம், 31 இரவு மூன்றுக்கும் தனி விலை போடுவார்கள், சாதாரண நாளைவிட நன்றாகவே கூட. அட்டைக் கழிவு அந்நாட்களில் பெரும்பாலும் செல்லாது. கூட்டத்தில் அடுப்பு வரிசையும் நீளும். அதே மாதத்தில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் கிறிஸ்மஸ் கேக்கும் அலங்காரமும் அப்படியே இருக்கும், விலை சாதாரணமாக இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை என் தெரிவு வார நாள் மதியம். இரவு பஃபேக்கு விலை கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கடலுணவுக் கிறில்தான். அது உங்களுக்குத் தேவையில்லை என்று மேலே சொல்லியாயிற்று. மதியம் சாப்பிட்டால் பிறகு நடக்க நேரமிருக்கும், இரவுச் சாப்பாடு அநேகமாகத் தேவைப்படாது. ஒரு பஃபே இரண்டு நேரச் செலவை எடுத்துக்கொள்ளும். அம்மாவின் விருப்பத்தை முன்னே வைத்தால் இன்னொரு வழி பின்னேரத் தேநீர். 1864 இல் தொடங்கிய காலி முகத்திடல் ஹோட்டலின் கடலைப் பார்த்த விறாந்தை இதற்குப் பெயர்போனது. விலையும் குறைவு. ஆனால் பற்றிஸ், ரோல்ஸ், கட்லட் பலவற்றில் மீனும் கோழியும் முட்டையும் இருக்கும். சைவத் தட்டு தனியாகத் தருவார்களா என்று முதலே கேட்கவேண்டும். இலங்கைச் சாப்பாட்டை மட்டும் நல்ல சூழலில் சாப்பிட விரும்பினால் சினமன் கிராண்டின் வளாகத்தில் பெரிய ஆலமரத்தடியில் இருக்கும் ‘நுகா கம’ இருக்கிறது. மண்சட்டிக் கறிகள், கிராமத்து அமைப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு அது மிகப் பிடிக்கும். யாழ்ப்பாணத்தவருக்கு, தென்னிலங்கைச் சமையலைச் சுவைக்க நல்ல இடம்.

அன்று காலை பட்டினி கிடக்கவேண்டாம். இது மிகப் பரவலான பிழை. வெறும் வயிற்றோடு போனால் முதல் கண்ட பாணையும் சோற்றையும் வேகமாகப் போடுவோம், பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். அதற்குள் அளவு தாண்டிவிடும், பிறகு ஒரு மணித்தியாலம் மேசையில் சும்மா இருந்து பார்க்கவேண்டியதுதான். நாலைந்து மணித்தியாலத்துக்கு முன் ஒரு முட்டையோ இரண்டு இட்லியோ, ஒரு பழமோ போதும். போகும் வழியில் சோடாவோ பால் தேநீரோ வேண்டாம்.

கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். மதியம் 12.30க்குத் திறந்தால் 12.30க்கே. முதல் அரை மணித்தியாலத்தில்தான் எல்லாத் தட்டமும் முழுமையாக, கை படாமல் இருக்கும். 1.15 முதல் 2.00 வரை அலுவலகக் கூட்டம். கடைசி 45 நிமிடத்தில் பல இடங்களில் தட்டங்களை நிரப்புவது குறையும், இனிப்புப் பக்கம் வெளிக்கத் தொடங்கும். கதிரை கேட்கும்போது அடுப்புகளுக்குப் பக்கமாக, ஆனால் நடைபாதையில் இல்லாத மேசையைக் கேளுங்கள். சமையல்காரர் புதுத் தட்டம் கொண்டுவருவது கண்ணில் படும். அதுவே பெரிய வசதி.

வெறுங்கையோடு ஒரு சுற்று. தட்டு எடுக்காமல் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள், இனிப்பு மேசை வரை. தட்டம் அடுக்கும் முறையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: வரிசையின் தொடக்கத்தில் பாண், சூப், சலாட், சோறு. விலை கூடியவை கடைசியில், அல்லது தனி மேசையில் சமையல்காரர் வெட்டித் தரும்படி. சோற்றுக்குப் பெரிய அகப்பை, இறாலுக்குச் சின்ன இடுக்கி. இதில் தவறொன்றும் இல்லை, ஆனால் வரிசை சொல்கிறபடி நீங்கள் போகத் தேவையில்லை. இறுதியிலிருந்து தொடங்கலாம். சுற்றும்போதே நேரமெடுக்கும் பொருட்களைச் சொல்லிவைத்துவிடுங்கள்: கிறில், பாஸ்டா, கொத்து ரொட்டி. அது தயாராகும்வரை குளிர்ந்த பக்கத்தைப் பார்க்கலாம்.

முதல் தட்டு சிறியது, 100 கிராமைத் தாண்டவேண்டாம். சீஸ் இரண்டு துண்டு, புகையூட்டிய மீன், நல்ல இலைக் கலவை கொஞ்சம். இவை மென்மையான சுவை, உறைப்புக்குப் பின் சாப்பிட்டால் நாக்கில் ஒன்றும் பிடிபடாது. ஒரு கிண்ணம் சூப் 250 மில்லிலீற்றர், உங்கள் இடத்தில் கால்வாசி. நல்லதாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி வாங்கிச் சுவையுங்கள், கிண்ணம் நிரப்பவேண்டாம்.

இரண்டாவது வாட்டிய இறைச்சியும் கிறிலும். விளக்கின் கீழ் வெட்டி வைத்திருப்பதை எடுக்காமல், இப்போது வெட்டித் தரும்படி கேளுங்கள். நடுப்பகுதியில் சாறு இருக்கும், நுனி நன்றாக வெந்து உப்பும் மசாலாவும் ஏறியிருக்கும். எது விருப்பமோ அதைச் சொல்லலாம், சமையல்காரர்கள் சந்தோஷமாகவே தருவார்கள். ஒருவருக்கு மூன்று நான்கு துண்டு போதும்.

மூன்றாவது இலங்கைப் பக்கம். அப்பம் சுடும் அடுப்பு இருந்தால் அங்கேயே நின்று வாங்கிச் சூட்டோடு சாப்பிடுங்கள். அப்பத்தின் விளிம்பு மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும், அடுக்கிவைத்த அப்பத்தை எடுப்பதில் அர்த்தமில்லை. லம்பிரைஸ் பறங்கியர் சமையலின் பெருமை: இறைச்சிச் சாற்றில் சமைத்த சோறு, கலந்த இறைச்சிக் கறி, இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, இறால் சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையில் மடித்து வெதுப்புவது. இலை வாசம் சோற்றில் இறங்குவதுதான் அதன் உயிர். இலைப் பொதியாக இருந்தால் ஒன்றை எடுத்து மூன்று பேர் பகிருங்கள், ஒரு பொதி முழுச் சாப்பாட்டுக்குச் சமம். திறந்த தட்டத்தில் சோறும் கறியும் தனித்தனியாக வைத்து அதே பெயர் எழுதியிருந்தால் தாராளமாகக் கடந்து போகலாம்.

எந்த உணவு தட்டத்தில் நின்று கெடும், எது நிற்க நிற்க நன்றாகும் என்று தெரிந்தால் பஃபேயில் பாதி வேலை முடிந்தது. பொரித்தவை எல்லாம் மூடியின் கீழ் ஆவியில் நனைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும்: மீன் பொரியல், மாவில் தோய்த்த இறால், உருளைக்கிழங்குப் பொரியல், கட்லட். புதுத் தட்டம் வரும்போது மட்டும் எடுங்கள். குழம்பில் கிடக்கும் மீனும் இறாலும் கீழே எரியும் நெருப்பில் தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும், இறால் இறப்பர் போலாகும். பாஸ்டா ஊறிக் களியாகும். மாறாக ஆட்டிறைச்சிக் கறி, பொலோஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, புரியாணி, மோஜு, அம்புல் தியல் என்ற வரட்டிய புளி மீன்கறி ஆகியவை நேரம் போகப் போகச் சேர்ந்து வரும். முதல் அரை மணித்தியாலம் பொரித்ததும் வாட்டியதும், பிறகு கறி வகைகள் என்று போனால் இரண்டிலும் நல்ல பகுதியே கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் சின்னத் தட்டை எடுங்கள், மூன்று வகைக்கு மேல் வைக்கவேண்டாம். ஆறு கறி ஒன்றோடொன்று ஓடிக் கலந்தால் எல்லாம் ஒரே சுவைதான். பிடித்தால் திரும்பப் போகலாம், பிடிக்காவிட்டால் ஒரு கரண்டிதான் மிச்சம். தட்டில் மிஞ்சியதை ஹோட்டல் திரும்பப் பயன்படுத்த முடியாது, நேராகக் குப்பைக்குத்தான் போகும். சில இடங்களில் அளவுக்கு மீறி மிச்சம் விட்டால் தனியாகக் காசு அறவிடுவார்கள். அந்தக் காசைவிட அந்தச் சாப்பாட்டை நினைத்துக் குறைவாக எடுப்பதே சரி. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக பஃபேயில் அனுமதி கிடையாது, கேட்கவும் வேண்டாம்.

மூன்றாவது தட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து கதையுங்கள். பிறகு இனிப்பு. எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வட்டிலப்பமும் வெளியிலும் கிடைக்கும், ஒரு கரண்டி போதும். வெதுப்பகத்தார் அன்றைக்குச் செய்த சின்னச் சின்னக் கேக்குகள், சொக்லேட் வகைகள், லவ் கேக் இவற்றுக்கு இடம் வையுங்கள். ஜெலி, கஸ்டர்ட், நிறம்போட்ட புடிங் இவற்றைத் தொடவே வேண்டாம். ஐஸ்கிறீம் கொழும்பில் எங்கும் கிடைக்கும்.

பானங்கள் பெரும்பாலும் பஃபே விலையில் அடங்காது. மேசையில் திறக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் காசு, அதற்கும் சேவைக் கட்டணமும் வரியும். தேநீர், கோப்பி சேருமா, சாதாரண வடித்த தண்ணீர் தருவார்களா என்று உட்கார்ந்தவுடன் கேளுங்கள். சாப்பாட்டுக்கு நடுவே சோடா குடித்தால் வாயு வயிற்றை ஊதிவிடும். போயா எனும் முழுநிலா விடுமுறை நாளில் நாடு முழுவதும் மதுபான விற்பனை தடை, அன்று மதுவோடு சேர்ந்த பொதி விலை எதுவும் இருக்காது.

இப்போது அம்மாவின் விஷயம். இதை விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கொழும்பு பஃபேயில் சைவக்காரர்கள் ஏமாறுவது இறைச்சித் தட்டத்தில் அல்ல, மரக்கறித் தட்டத்தில்தான். காரணம் மாசி, அதாவது காயவைத்த சூரை மீன். தென்னிலங்கைச் சமையலில் மாசித்தூள், அவர்கள் உம்பலகட என்பது, சுவைக்காகப் பல மரக்கறிகளில் போடப்படும். தேங்காய்ச் சம்பல், கட்டைச் சம்பல், சீனிச் சம்பல் மூன்றிலும் வழக்கமாக இருக்கும். கீரை மல்லுமிலும், போஞ்சி, உருளைக்கிழங்குப் பிரட்டலிலும் இருக்கலாம். மீன் என்று பெயர் அட்டையில் எழுதமாட்டார்கள், அதை அவர்கள் வாசனைப் பொருளாகவே நினைக்கிறார்கள். கங்குங் கீரை வதக்கலில் சிப்பிச் சோஸ், சூப்பில் கோழிச் சாறு, தாய்லாந்துக் கறியில் மீன் சோஸ், கொத்தில் முட்டையும், மற்றவர்களுக்கு இறைச்சிக் கொத்து அடித்த அதே தகடும். இனிப்பில் வட்டிலப்பமும் கரமல் புடிங்கும் முட்டையால் ஆனவை, ஜெலியிலும் மூஸ் வகைகளிலும் மாட்டு அல்லது பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கக்கூடும். கிறிஸ்மஸ் கேக்கில் பிரண்டி சேர்ப்பது வழக்கம்.

“மரக்கறியா?” என்று பரிமாறுபவரிடம் கேட்டால் “ஓம்” என்றுதான் வரும். கேட்கும் முறையை மாற்றவேண்டும். அடுப்புப் பொறுப்பாளரை அழைத்து, “இதில் மாசி, முட்டை, மீன் சோஸ் இருக்கிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதைவிட நல்லது, பதியும்போதே “ஒருவர் மாசியும் முட்டையும் சேராத சைவம்” என்று சொல்லிவைப்பது. பெரிய ஹோட்டல்களில் இந்தியச் சமையல் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தனியாகத் தாளித்த பருப்பும் கறியும் சுடச்சுட ரொட்டியும் மேசைக்கே அனுப்புவார்கள். கரண்டியைத் தட்டத்துக்குத் தட்டம் மாற்றிப்போடும் ஆட்கள் எப்போதும் உண்டு. ஆகவே அம்மாவுக்கு முதல் ஆளாக, கரண்டி கலக்கும் முன் எடுத்துவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு அவர் சாப்பிடக்கூடியது நாலைந்து வகைதான் என்று தெரிந்தால், முழு விலை கொடுக்கவேண்டாம். அதே உணவகத்தில் அவருக்கு மெனுவிலிருந்து தனியாக ஓடர் பண்ணலாமா என்று கேளுங்கள். சில இடங்கள் சம்மதிக்கும். ஹலால் பார்ப்பவர்களுக்கும், கச்சான், இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே கேள்வி முறைதான். மரமுந்திரி அரைத்துச் சேர்த்த குழம்பு வெளியே தெரியாது என்பதை ஒவ்வாமைக்காரர்கள் மறக்கக்கூடாது.

பிள்ளைகளைச் சுற்றிக் காட்டும்போது மூன்று பொருள் தெரியச் சொல்லுங்கள், அதை முதலில் சாப்பிட்டபின் இனிப்பு. இல்லையென்றால் ஜூசும் ஐஸ்கிறீமும்தான் மதியச் சாப்பாடு. சின்னவருக்குச் சூடான தட்டங்களின் ஓரம் சரியாக முகத்தின் உயரத்தில் இருக்கும், தனியே விடவேண்டாம். சொக்லேட் ஊற்று இருந்தால் பிள்ளைகள் விரலை விடுவார்கள். பணியாளர் நின்று குச்சியில் தோய்த்துத் தருகிறார் என்றால் மட்டும் வாங்கிக்கொடுங்கள்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் மீதி விடுமுறையும் போய்விடும். சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழ் இருக்கவேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது பாதுகாப்பில்லை, 32 பாகை தாண்டும் வெளி முற்றத்தில் ஒரு மணித்தியாலம்தான் எல்லை. வெப்பமானி இல்லாமல் பார்க்கும் வழி: மூடியைத் திறந்ததும் ஆவி எழவேண்டும். குழம்பின் மேல் ஆடை படிந்து, ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தால் அது நெடுநேரம் நின்றது. இறாலும் சுஷியும் ஐஸ் மேல் இருக்கவேண்டும், உருகிய தண்ணீரில் அல்ல. மயோனைஸ் கலந்த சலாட், கிறீம் வைத்த இனிப்பு இவை அறைச்சூட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். சோறும் பிரைட் ரைஸும் ஆபத்தில்லாதவை என்று பலர் நினைக்கிறார்கள். வெதுவெதுப்பில் நின்ற சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. குளிர் விட்டுப்போன சூரை, கெளவல்லா வகைகளில் ஹிஸ்டமின் சேரும், அதுவும் சமைத்தால் அழியாது. நாக்கில் மிளகு போல் சுரண்டினால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், ஈரல் நோய் உள்ளவர்களுக்குப் பச்சைச் சிப்பியும் பச்சை மீனும் கூடவே கூடாது. சின்னத் தட்டங்களில் வைத்து அடிக்கடி மாற்றும் ஹோட்டல், மலைபோல் குவித்து வைக்கும் ஹோட்டலைவிட நம்பத்தக்கது.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால், ஹோட்டலுக்குப் புறப்படும்போது ஊசி போட்டுவிட்டு வரவேண்டாம். வாகன நெரிசலும் வரிசையும் சேர்ந்து சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கிவிடும். முதல் தட்டு முன்னால் வந்தபின் போடுவது பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுவையுங்கள். கொழுப்புக் கூடிய சாப்பாட்டில் சீனி பிந்தி ஏறும் என்பதால் மூன்று நான்கு மணித்தியாலம் கழித்தும் ஒருமுறை பார்ப்பது நல்லது. எல்லோருக்கும் பொதுவாக, சாப்பிட்டபின் காலி முகத்திடலில் 15 நிமிடம் மெதுவாக நடவுங்கள், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் படுக்கவேண்டாம்.

தங்கும் ஹோட்டலின் காலைப் பஃபேயையும் மறக்கக்கூடாது, உண்மையில் மூன்று நாளிலும் அதிகப் பயன் அதில்தான். கொழும்பில் காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறையே போதும். இரவுச் சாப்பாடும் சேர்த்துக் கட்டினால் வெள்ளவத்தையையும் புறக்கோட்டையையும் விட்டுவிட்டு ஒவ்வொரு இரவும் ஹோட்டலுக்கே திரும்பவேண்டும். அந்த வகை அறை பெந்தோட்டை, பாசிக்குடா போல வெளியில் கடைகள் குறைந்த இடங்களுக்குத்தான் பொருந்தும். காலை 9 மணிக்குப் பிந்தி இறங்கி நன்றாகச் சாப்பிட்டால் மதியம் ஒரு செவ்விளநீரும் சிற்றுண்டியும் போதும். ஆனால் 9.45க்கு இறங்கினால் மூடும் நேரம், தட்டங்கள் காலி. தட்டத்தில் கிளறி வைத்த முட்டையை விட்டு ஒம்லெட் அல்லது முட்டை அப்பம் சுடச் சொல்லுங்கள். இடியப்பமும் சொதியும், பாற்சோறும், இலைக்கஞ்சியும் நல்ல ஹோட்டல்களில் கவனமாகச் செய்வார்கள். கோர்ன்பிளேக்ஸ், டின் பழம், பெட்டி ஜூஸ் வீட்டிலும் உண்டு. விடிய ரயிலுக்குப் போகும் நாளில் காலைச் சாப்பாட்டைப் பொதியாகத் தருவார்கள், முதல் நாள் இரவு 8 மணிக்கு முன் வரவேற்பறையில் சொல்லவேண்டும். காலையில் கேட்டால் கிடைக்காது.

கடைசியாக பில். பஃபேயில் வரும் பிழைகள் எல்லாம் ஒரே மாதிரி: சின்னவரை எண்ணிவிடுவது, பாதி விலைப் பிள்ளையைப் பெரியவராகப் போடுவது, திறக்காத தண்ணீர்ப் போத்தலைச் சேர்ப்பது, அட்டைக் கழிவைப் போட மறப்பது. பில்லைக் கேட்கும்போதே எந்த அட்டை என்று சொல்லுங்கள். பணம் எடுத்து ரசீது அடித்தபின் கழிவைச் சேர்க்க பல இடங்களில் முடியாது. தலை எண்ணிக்கை, சிறுவர் விலை, பானங்கள், கழிவு என்ற ஒழுங்கில் பார்த்துவிட்டு அட்டையைக் கொடுங்கள்.